தொழில்தெரிவும் எழுத்து வாயிலும்: பெங்களூர்த் தமிழ் இளைஞர் வரலாறு

முன்னுரை

இளைஞர் தமக்குரிய தொழிலை எவ்வாறு தெரிந்துகொள்கின்றனர் என்பதை முறைப்படுத்தி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான பிராங்க் பார்சன்ஸ். பாஸ்டன் நகரில் 1908இல் அவர் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் மறைந்த பின் 1909இல் வெளிவந்த நூல் தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்னும் மூன்று படிகளைக் கூறுகிறது. உலகெங்கும் வழங்கும் வழிகாட்டு நூல்கள் பலவும் இன்றும் இவ்வடித்தளத்தின்மீதே நிற்கின்றன. பிரித்தானியச் சமூகவியலாளர் கென் ராபர்ட்ஸ் 1968இல் இதற்கு மறுதலையான கருத்தை முன்வைத்தார். இளைஞரில் பெரும்பாலோர் தொழிலைத் தெரிவதில்லை. குடும்பம், பள்ளி, வேலைச் சந்தை ஆகியவை திறந்துவைத்த வழிகளுள் ஒன்றில் புகுகின்றனர் என்பது அவர் கொள்கை. லிண்டா காட்பிரட்சன் 1981இல், குழந்தைப் பருவத்திலேயே தமக்கு ஆகாதவை எனச் சில தொழில்களைப் பிள்ளைகள் விலக்கிவிடுகின்றனர் என்று விளக்கினார்.

இக்கொள்கைகள் பெரும்பாலும் ஒருமொழி ஓங்கிய சூழலில் உருவானவை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் வேறொரு மொழி, அலுவலகத்தில் மற்றொரு மொழி என வழங்கும் நகரத்தில் இவற்றோடு மொழியையும் ஒரு காரணியாகச் சேர்க்க வேண்டும். அதற்குத் தக்க சான்று பெங்களூர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழும் தமிழரின் தொழில் வரலாற்றை நோக்கினால், இளைஞரின் வழியைத் தீர்மானித்தது அவர்கள் பேசிய மொழி அன்று, அவர்கள் எழுதக் கற்ற மொழியே என்பது புலப்படும். பேச்சுமொழி தெருவில் கிடைத்துவிடும். எழுத்து பள்ளியில்தான் கிடைக்கும். எழுத்து வேலையின் வாயிலாக மாறிய காலந்தொட்டு, தொழில்தெரிவு பதினேழு வயதிலிருந்து பள்ளி சேரும் வயதுக்கு முன்தள்ளப்பட்டது. இவ்வாயில் காலந்தோறும் இடம் மாறியவாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலைக் குறிக்கும் சொற்கள்

ஆங்கில வழிகாட்டு நூல்களின் மையச் சொல்லாகிய ‘கேரியர்’ என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. தொழில், வேலை, உத்தியோகம், பணி ஆகிய நான்கும் அதன் பொருளில் ஒவ்வொரு பகுதியையே சுட்டுகின்றன. ‘தொழில்’ மிகப் பழைய சொல்; தொல்காப்பியத்திலேயே இடம்பெறுவது. ‘தொழிற்பெயர்’ என்னும் இலக்கணக் குறியீட்டில் அது செயலைக் குறிக்கிறது. ‘குலத்தொழில்’ என்னுமிடத்துப் பிறப்பால் வந்த பிழைப்பைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் ‘தொழில்துறை’ என்றால் ஆலைகளைப் பற்றிய அரசுத் துறை. இலங்கையில் ‘தொழில் திணைக்களம்’ என்றால் தொழிலாளர் நலன் பேணும் துறை. ஒரே சொல் கடலின் இரு கரைகளிலும் இருவேறு தரப்பினரைச் சார்ந்து நிற்கிறது.

‘உத்தியோகம்’ வடமொழியில் முயற்சி என்று பொருள்படுவது. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்னும் வழக்கும் முதலில் முயற்சியையே ஆடவர்க்கு இயல்பாகக் கூறியது. தமிழ்ப் பேச்சில் அச்சொல் அலுவலகப் பதவி என்னும் பொருளில் சுருங்கியது. உழவனுக்கும் நெசவாளிக்கும் வேலை உண்டு, உத்தியோகம் இல்லை. கன்னடத்தில் அதே சொல் இவ்வாறு சுருங்கவில்லை. ஊரகக் கூலிவேலைக்கு உறுதியளித்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் திட்டம் கன்னடத்தில் ‘உத்யோக காத்ரி’ என வழங்கியது; தமிழர் அதனை ‘நூறு நாள் வேலை’ என்றனர். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் ‘உத்யோக’ என்பதை உத்தியோகம் என்றே எழுதினால் மண்வெட்டி பிடிப்பவர் மேசைமுன் அமர்ந்துவிடுவர். ‘குலத்தொழில்’ என்பதற்கு நேரான கன்னடச் சொல் ‘குலகசுபு’. குலத்தொழிலிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து உத்தியோகத்துக்கும் செல்ல விரும்பிய தலைமுறைகளின் கதை இச்சொற்களிலேயே அடங்கியுள்ளது.

தண்டும் பேட்டையும்

பெங்களூர் நெடுங்காலம் இரண்டு நகரங்களாக இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பழைய வணிக நகரமாகிய பேட்டைக்குக் கிழக்கே படைவீடு எழுந்தது. கன்னடர் அதனைத் ‘தண்டு’ என்றனர். படை எனப் பொருள்படும் இச்சொல் தமிழுக்கும் உரியதே; ‘தண்டநாயகன்’ என்பதில் அதன் உறவைக் காணலாம். சென்னை மாகாணப் படையோடு சிப்பாய்களும் சமையற்காரரும் கொத்தரும் சலவையாளரும் சிறு வணிகரும் வந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். அல்சூரும் இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியும் அவர்தம் குடியிருப்புகளாயின. 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் படைவீடு ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின.

தண்டில் பிறந்த தமிழ் இளைஞனுக்குத் தொழிலின் வாயில் உறவே. தந்தை இருந்த பட்டாளத்தில் மகனும், மாமன் வேலைபார்த்த பட்டறையில் மருமகனும் சேர்ந்தனர். 1780இல் தோன்றிப் பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் வீரர்கள் ‘தம்பி’ என்றே அழைக்கப்பட்டனர். உறவுமுறைச் சொல் ஒன்று படைவீரனுக்குப் பெயரானது அக்காலத்து ஆள்சேர்ப்பின் இயல்புக்குப் பொருந்துவதே. 1884இல் தோன்றிப் பின்னி நிறுவனத்தின் கீழ் வளர்ந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலையிலும் உறவும் ஊரும் பெரிதும் உதவின. இவ்வேலைகளுக்குக் கன்னட எழுத்து வேண்டப்படவில்லை. தமிழ் எழுத்தும் வேண்டப்படவில்லை.

கோலார் தங்கவயலிலும் இந்நிலையே காணப்பட்டது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலைப் பெருக்கியது. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, பெரிதும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர் அங்குக் குடியேறினர். ஊரில் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு கிடந்தோர்க்குச் சுரங்கம் இடர் மிக்கதாயினும் விடுதலையாகவும் தோன்றியது. குலத்தொழிலிலிருந்து வேலைக்குச் செல்லும் வழி அது. ஆயினும் ஒரு தலைமுறைக்குப் பின் சுரங்கமே தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் தொழிலாயிற்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை நடுவண் அரசின் பொறுப்புக்குச் சென்று, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் இளைஞர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று வேலைபார்க்கும் வழக்கம் பெருகியது. உறவின் வாயில் மூடியபோது அவர்கள் கையில் எஞ்சியது பள்ளி தந்த எழுத்து மட்டுமே.

மைசூர் அரசுப் பணியும் வீட்டுத் தமிழும்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அனைவர்க்கும் வாயில் ஒன்றாக இருக்கவில்லை என்பதை மைசூர் அரசுப் பணி காட்டுகிறது. 1881க்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்து கல்விபெற்ற அலுவலர் பலர் மைசூருக்கு வந்தனர். பாலக்காட்டைச் சேர்ந்த கே. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தார். 1891இல் மைசூர் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வு ஏற்படுத்தப்பட்டது. வெளியிலிருந்து வந்தோர் உயர் பதவிகளைப் பெறுகின்றனர் என்ற மனக்குறையிலிருந்து ‘மைசூர் மைசூரியருக்கே’ என்னும் முழக்கம் எழுந்தது. அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் கோரிய குரலும் வலுப்பெற்று, 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் மொழியின் பெயரால் நடந்த வாதத்தின் முன்வடிவம் இது: யார் உள்ளூரார், வேலை யாருக்கு?

ஆனால் மைசூர் நாட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கன்னட எழுத்தைப் பள்ளியிலேயே கற்றனர். மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். அவர் மைசூர் குடிமைப் பணியில் உயர் அலுவலராக இருந்தார். கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பட்டு 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதைப் பெற்றார். டி.பி. கைலாசம் நீதிபதியின் மகன்; தமிழ்க் குடும்பத்தவர். இலண்டனில் நிலவியல் பயின்று, மைசூர் நிலவியல் துறையில் சேர்ந்து, கோலார் தங்கவயலிலும் பணியாற்றினார். பின்னர் உத்தியோகத்தைத் துறந்து கன்னட நாடகாசிரியரானார். அவருடைய ‘டொள்ளு கட்டி’ என்னும் நாடகம் தேர்வில் சிறக்கும் மகனையும் நடைமுறையில் சிறக்கும் மகனையும் எதிரெதிரே நிறுத்துகிறது. மதிப்பெண்ணைக் கொண்டு மக்களை அளக்கும் பெற்றோரை எள்ளுகிறது.

கைலாசம் நிலத்தின்மேல் அலுவலராக நின்ற அதே தங்கவயலில் நிலத்தடியில் உழைத்தோரும் தமிழரே. இரு சாராரையும் பிரித்தது வீட்டுமொழி அன்று. சாதியும், அது திறந்துவிட்ட அல்லது அடைத்துவைத்த பள்ளியுமே. உத்தியோகத்தைத் துறந்து கலையைத் தெரிந்தெடுக்கும் உரிமையும், முன்னரே உத்தியோகம் கிட்டியவர்க்குத்தான் வாய்த்தது.

பொதுத்துறையும் சான்றிதழும்

1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகமும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் பெங்களூரில் நிறுவப்பட்டன. இவற்றின் வருகையால் நகர இளைஞரின் ஆசைகளே மாறின. நிலையான ஊதியம், குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை ஒருங்கே தந்த ‘ஃபேக்டரி வேலை’, உத்தியோகத்துக்கு நிகரான மதிப்பைப் பெற்றது. பெங்களூர்த் தொழிற்சாலைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் மார்க் ஹோம்ஸ்ட்ராம் 1976இல் வெளியிட்ட நூலில் நிரந்தர வேலையை மதில் சூழ்ந்த கோட்டைக்கு ஒப்பிட்டார். பின்னர் 1984இல் எழுதிய நூலில், உள்ளும் புறமும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்தில்லை என அவ்வுவமையைத் திருத்திக்கொண்டார். எனினும் வெளியே நின்ற இளைஞனின் கண்ணுக்கு அது கோட்டையாகவே தோன்றியது.

அக்கோட்டையின் வாயில் உறவு மட்டுமன்று, சான்றிதழும் ஆயிற்று. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுநர் முறையை ஒழுங்குபடுத்தியது. பள்ளியிறுதித் தேர்ச்சியும் தொழிற்பயிற்சி நிலையச் சான்றும் இன்றியமையாதன ஆயின. தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் தொலைபேசித் தொழிலகத்துக்கும் பெங்களூரில் ஐ.டி.ஐ. என்ற ஒரே சுருக்கப்பெயர் வழங்கியது. படிப்புக்கும் வேலைக்கும் பெயரே ஒன்றாகும்படி அவ்வழி இளைஞர்க்கு நேரானதாகத் தோன்றியது.

தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ படித்த தண்டுப் பகுதி இளைஞருக்கு இவ்வாயில் தொடக்கத்தில் எளிதாயிற்று. இவை நடுவண் அரசின் நிறுவனங்கள், ஆங்கிலமே அவற்றின் அலுவல் மொழி. ஆனால் மாநிலத்தின் உட்பகுதிகளிலிருந்து கன்னடவழியில் படித்து வந்த இளைஞன், தன் மாநிலத் தலைநகரிலேயே ஆங்கிலத்தையும் பிறமொழியினரையும் எதிர்கொண்டான். அவனுடைய குறை கற்பனை அன்று. பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்குள் கன்னடச் சங்கங்கள் வளர்ந்ததும், மொழிக் கோரிக்கையும் வேலைக் கோரிக்கையும் ஒன்றாகப் பிணைந்ததும் இப்பின்னணியில்தான்.

முதல் மொழியும் முதல் தெரிவும்

பள்ளியில் சமஸ்கிருதத்தின் இடம் பற்றிய விவாதத்தையொட்டி வி.கி. கோகாக் தலைமையில் அமைந்த குழு 1981இல் அறிக்கை அளித்தது. உயர்நிலைப் பள்ளியில் 150 மதிப்பெண்ணுக்குரிய ஒரே முதல் மொழியாகக் கன்னடம் இருக்கவேண்டும் என்பது அதன் முதன்மைப் பரிந்துரை. நடிகர் ராஜ்குமார் முன்னின்ற 1982ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அதனை மக்கள் கோரிக்கையாக்கியது. தொடர்ந்து 1980களில் சரோஜினி மகிஷி குழு வேலைவாய்ப்பை நேரடியாக எடுத்துக்கொண்டது. மாநிலத்தில் 15 ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடத்தைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவரே உள்ளூரார் என அது வரையறுத்தது. நடுவண் அரசு நிறுவனங்களின் கடைநிலைப் பிரிவுப் பணிகள் முழுவதும் அவர்க்கே உரியவை எனப் பரிந்துரைத்தது.

மொழியியல் நோக்கில் இவ்வரையறையின் மூன்று வினைகளும் ஒருநிகரானவை அல்ல. அல்சூரில் பிறந்த தமிழ் இளைஞன் பேசுவதில் தேறிவிடுவான். கடைத்தெருவிலும் பேருந்திலும் கன்னடம் இயல்பாகப் படிந்துவிடும். அவனைத் தடுப்பவை படித்தலும் எழுதுதலுமே. மூன்றாம் தலைமுறையாக அந்நகரில் வாழ்ந்தும், பள்ளியில் தமிழை எடுத்துப் படித்தமையால் அவன் உள்ளூரான் ஆகாமற்போவான். இவ்வாறு, பள்ளியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் எடுக்கும் மொழி முடிவே அவனுடைய முதல் தொழில்தெரிவாயிற்று. அம்முடிவை எடுத்தோருள் பலர் தாமே எழுத்தறியாத தொழிலாளர். தமிழ்வழிப் பிரிவுகளில் மாணவர் தொகை குறைந்துவந்தமைக்கு மொழிப்பற்றின் தேய்வை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. பெற்றோர் வாயிலைக் கண்டுகொண்டனர் என்பதே பொருந்தும். காவிரிப் பிணக்கையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது நடந்த வன்முறை அவ்வெண்ணத்தை மேலும் விரைவுபடுத்தியிருத்தல் கூடும்.

கணினிக் காலத்து ஆங்கில வாயில்

1983இல் இன்போசிஸ் புனேயிலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்குத் தன் மையத்தைத் திறந்தது. 1991ஆம் ஆண்டுப் பொருளாதார மாற்றங்களுக்குப் பின் மென்பொருள் துறை பெருகி, இளைஞரின் முதன்மை ஆசையாகிய பொதுத்துறையின் இடத்தைப் பிடித்தது. இத்துறை தகுதியை மட்டுமே பார்ப்பது என்ற கருத்து பரவலானது. ஆனால் பெங்களூர் மென்பொருள் பணியாளரை ஆராய்ந்த கேரல் உபாத்யா முதலியோர், அவர்களுள் பெரும்பான்மையினர் நகர்ப்புறக் கல்விபெற்ற நடுத்தரக் குடும்பங்களையும் உயர் சாதிகளையும் சார்ந்தவர் எனக் காட்டினர். நேர்காணலில் மதிப்பிடப்படும் ‘கம்யூனிகேஷன்’ என்னும் திறன், வீட்டிலும் பள்ளியிலும் முன்னரே படிந்த ஆங்கிலத்தையே பெரிதும் அளக்கிறது.

இதனால் ஒரு முரண் தோன்றியது. தமிழ்நாட்டில் பொறியியல் முடித்து நேரே வரும் இளைஞர் கன்னடத்தில் ஓர் எழுத்தும் அறியாமலே உயர் ஊதிய வேலையில் சேரலாம். அந்நகரிலேயே பிறந்து கன்னடம் சரளமாகப் பேசும் தமிழ்த் தொழிலாளியின் மகன் சிறிய அரசு வேலைக்கும் எழுத்துத் தேர்வில் தடைப்படுவான். அவனுடைய தங்கைக்குக் கிட்டுவது பெரும்பாலும் ‘கார்மென்ட்ஸ்’. ஆயத்த ஆடை என்னும் பொருளைக் குறித்த அச்சொல் பெங்களூர்ப் பேச்சில் வேலையின் பெயராகவே ஆகிவிட்டது.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் மேலாண்மைப் பணிகளில் 50 விழுக்காடும் பிற பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூரார்க்கு ஒதுக்கும் சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் தந்து, தொழில் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் அதனை நிறுத்திவைத்தது. பள்ளியிறுதிச் சான்றிதழில் கன்னடம் ஒரு மொழியாக இல்லாதவர் தனியே தேர்வெழுதித் தேற வேண்டும் என்றது அம்முன்வடிவு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாயிலாக நின்றது எழுத்தே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: பள்ளிப் பருவத்தில் தவறவிட்டதைப் பின்னர்த் தேர்வால் ஈடுசெய்ய இங்கு இடமளிக்கப்பட்டது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, விருப்பமும் திறனும் தொழில்தெரிவில் பங்குபெறுவது உண்மையாயினும், அவை செயற்படும் எல்லையைச் சாதியும் உறவும் பள்ளிமொழியும் முன்னரே வகுத்துவிடுகின்றன. பெங்களூரைப் பொறுத்தவரை பார்சன்ஸைவிட ராபர்ட்ஸின் கொள்கையே மிகுதியும் பொருந்துகிறது.

இரண்டாவதாக, வழிகாட்டல் காலந்தாழ்ந்து வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த மாணவனிடம் தொழில்களின் பட்டியலை நீட்டுவதால் பயன் குறைவு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர்க்கு, எம்மொழியை எந்நிலையில் எடுத்தால் எவ்வாயில் திறக்கும் அல்லது அடைபடும் என்பதைத் தமிழிலேயே எடுத்துரைக்கும் கையேடுகள் தேவை. தமிழைக் கைவிடாமலே கன்னட எழுத்தைக் கற்கலாம் என்பதும் அவற்றில் இடம்பெற வேண்டும். தமிழ் எழுத்தறிந்தவர்க்குக் கன்னட எழுத்து எட்டாத தொலைவில் இல்லை. உயிர்மெய் அமைப்பு இரு மொழிக்கும் பொதுவானது. தமிழில் ஒரே ககரம் நிற்குமிடத்துக் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் நிற்பது போன்ற வேறுபாடுகளே தனிப்பயிற்சி வேண்டுபவை. பேச்சுக் கன்னடத்தை முன்பே அறிந்த இளைஞர்க்கு இவ்வேறுபாடுகளை மட்டும் மையமாகக் கொண்ட சிறு பாடநூல் அமைத்தல் மொழியியலாளரால் இயல்வதே.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்பாளர் தம் சொற்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு மையங்களின் பெயரில் ‘தொழில்நெறி வழிகாட்டும்’ என்னும் தொடர் வழங்குகிறது. ‘நெறி’ என்பதற்கு வழி என்பது பொருளாதலின், வாழ்நாள் முழுதும் செல்லும் பாதை என்னும் கருத்தை இச்சொல் நன்கு தருகிறது. ஆயின் ‘தெரிவு’ என்பதை அதனோடு இணைத்து எழுதும்போது, தெரிந்தவர் யார் என்ற வினா எழும். மூலநூல் தனிமனிதனின் முடிவைக் கூறுமிடத்து ‘தெரிவு’ பொருந்தும். வேலைக்குச் சேர்ந்தமையை மட்டும் கூறுமிடத்து ‘சேர்தல்’, ‘அமைதல்’ என்பனவே பொருந்தும். ‘அவனுக்கு வேலை அமைந்தது’ என்பது தமிழரின் இயல்பான வழக்கு. வேலையை எழுவாயாக்கி இளைஞனை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் அத்தொடர், பெங்களூர் வரலாறு காட்டும் உண்மைக்கு மிக அணுக்கமானது. இளைஞனே எழுவாயாக நிற்கும் தொடரை மெய்யாக்குவதற்கு அவன் கையில் எழுத்தைச் சேர்ப்பதே முதற்பணி.